வள்ளத்தில் வைத்த கை

ராசாத்தி மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தாள். மரவள்ளி பிடுங்கிய காட்டின் மேல்மூலையில் நாலு பாய் விரிக்கிற அளவுக்கு இடம் பிடித்து, கல் பொறுக்கி, எரு கொட்டி, கட்டியெல்லாம் உடைத்துப் புட்டு மாவு மாதிரி ஆக்கி வைத்திருந்தாள். பக்கத்தில் காயப்போட்டிருந்த மிளகின் காரம் காற்றோடு வந்து இரண்டு பேர் மூக்கையும் அரித்தது. எதற்கடி இவ்வளவு பாடு என்று கேட்டேன். பட்டாணிக்கு என்றாள்.

எங்கள் கொல்லிமலை வளப்பூர் நாட்டில், எனக்குத் தெரிந்து, அதுவரை யாரும் பட்டாணி போட்டதில்லை. எந்தப் பட்டத்தில் விதைப்பது, கொடிக்குக் குச்சி நடுவதா, தரையில் படர விடுவதா, ஒன்றும் அவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. செம்மேட்டுச் சந்தையில் உரித்த பட்டாணியைப் பையில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். விலை கேட்போம், பையை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுத் தக்காளி பக்கம் நகர்ந்துவிடுவோம். எங்கள் பட்டாணி ஞானம் அவ்வளவுதான்.

"வாரவங்ககிட்டயே கேட்டுக்கலாங்கக்கா. அவிங்க பட்டாணிக்காரங்கதான" என்றாள் ராசாத்தி.

அவள் சொன்னதில் தப்பில்லை. தப்பு அந்த போன் மேல்.

பாறையில் வந்த போன்

ராசாத்தி என் ஓரகத்தி. என் வீட்டுக்காரரின் தம்பி பெரியசாமியைக் கட்டிக்கொண்டவள். பெரியசாமி பட்டாளத்தில் லாரி ஓட்டிவிட்டு ஓய்வு பெற்று வந்தவன். இப்போதும் மிளகு மூட்டையைத் தூக்கும்போது யாரோ உத்தரவு போட்ட மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் தூக்குவான்.

எங்கள் ஊரில் வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. ஊருக்கு மேலே ஒரு வழுக்குப் பாறை இருக்கிறது. அதன் உச்சியில், கிழக்கே பார்த்து நின்றால் போன் பேசலாம். காற்று பலமாக அடித்தால் பாதிதான் கேட்கும். புல் அறுக்கப் போன ராசாத்திக்கு அங்கேதான் பெரியசாமியின் போன் வந்தது. அவன் அப்போது சேலத்தில் இருந்தான். யாரையோ ரயிலடியில் பார்க்கப் போகிறேன் என்று கிளம்பிப் போயிருந்தான்.

அவள் காதில் விழுந்தது இவ்வளவுதான். பட்டாணிக்காரர் ஒருத்தர் சம்சாரத்தோடு வருகிறார், ரொம்ப தூரத்திலிருந்து வந்திருக்கிறார், நம் செந்தினை விதை வேண்டுமாம், அண்ணியிடம் சொல்லிவை. அதற்குள் காற்று மீதியைக் கொண்டுபோய்விட்டது.

தினை விதை கேட்டு வருகிறவர் கையில் விதை இல்லாமல் வரமாட்டார் என்பது எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். வருகிறவரோ பட்டாணிக்காரர். அப்படியானால் பட்டாணி விதைதானே கொண்டுவருவார்? ராசாத்தி பாறையிலிருந்து இறங்கினாள். புல்லுக்கட்டைப் போட்டாள், களைக்கொத்தை எடுத்தாள். அடுத்த நாளுக்குள் ஊரே பட்டாணி விதைக்குக் காத்திருந்தது. சிலர் என்னிடம் வந்து, எங்களுக்கும் ஒரு கைப்பிடி ஒதுக்கிவை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனார்கள்.

வெறும் வள்ளம்

மலைக்குக் கீழே இருப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். முன்பு மிளகு ஏணியைப் பற்றி நான் எழுதியதைப் படித்த ஓர் அன்பர், உங்கள் ஊர் வழக்கங்களைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறீர்கள், நின்று சொல்லுங்கள் என்று கோபித்துக்கொண்டார். சரி, நின்றே சொல்கிறேன்.

எங்கள் ஊர் விதைப் பானைகள் என் வீட்டில் இருக்கின்றன. சாமை, கேழ்வரகு, தினையில் மூன்று வகை, அவரை, பூசணி. எனக்கு முன்னால் என் மாமியார் வைத்திருந்தார். பானைக்குள் வேப்பிலை போட்டு, வாயைச் சாணியால் மெழுகி, அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றிவிடுவேன். புகை படப்படப் பூச்சி அண்டாது. விதை அளக்க ஒரு வள்ளம் உண்டு. வள்ளம் என்றால் எங்கள் பக்கத்தில் தானியம் அளக்கிற பெரிய படி. என்னிடம் இருப்பது இரும்பு வள்ளம். அடியில் ஒரு பக்கம் நசுங்கியிருக்கும்.

விதையை நாங்கள் விற்பதில்லை. சும்மா தூக்கிக் கொடுப்பதுமில்லை. விதை வேண்டுமென்று வருகிறவர் தன் காட்டில் விளைந்த வேறு ஏதாவது விதையை முதலில் வள்ளத்தில் போட வேண்டும். ஒரு கைப்பிடி போதும், ஆமணக்குக் கொட்டையாக இருந்தாலும் சரி. அதை எடுத்து வைத்துவிட்டு, அதே வள்ளத்தில் அவருக்கு அளந்து கொடுப்பேன். வெறும் வள்ளத்தில் விதை அளக்கக் கூடாது. அதுதான் சட்டம். இந்தச் சட்டத்தால்தான் எங்கள் ஊரில் ஒரு விதைகூட இதுவரை அற்றுப்போகவில்லை என்று எனக்குக் கர்வம் உண்டு. இருக்கிற கர்வத்தை எதற்கு மறைக்க வேண்டும்?

ஒருமுறை கீழ்நாட்டிலிருந்து ஒரு வியாபாரி காரில் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு போன். சிறுதானியத்துக்கு இப்போது நகரத்தில் ஏக கிராக்கியாம். பானையோடு எடுத்துக்கொள்கிறேன், விலையை நீங்களே சொல்லுங்கள் என்றார். உங்கள் காட்டில் விளைந்தது ஒரு கைப்பிடி கொண்டு வந்தீர்களா என்று கேட்டேன். எனக்குக் காடு கிடையாதே என்றார். பிறகு விதையை எங்கே போடுவீர்கள் என்றேன். மோர் குடித்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

அந்தக் கதை வளப்பூர் நாடு முழுக்கப் பரவிவிட்டது. பணத்துக்கு மசியாதவள் என்று எனக்கு ஒரு பெயரும் வந்துவிட்டது. பெயர் வந்த பிறகு அதைக் காப்பாற்றுவது பெரிய தொல்லை என்பது பட்டாணிக்காரர் வந்த பங்குனியில்தான் புரிந்தது.

வாந்தி எடுக்காத விருந்தாளி

ராசிபுரத்திலிருந்து முள்ளுக்குறிச்சி வழியாக வந்த பஸ்ஸில் பெரியசாமியோடு அவர்கள் மலை ஏறினார்கள். வெளியூர்க்காரர்கள் எங்கள் மலை பஸ்ஸிலிருந்து எப்படி இறங்குவார்கள் என்பது எங்களுக்கு மனப்பாடம். கண் செருகி, தலை கலைந்து, வாயைத் துணியால் பொத்திக்கொண்டு இறங்குவார்கள். மலைக்கு மாற்றலாகி வருகிற ஆபீசர்கள் முதல் வாரம் முழுக்க எலுமிச்சம்பழமும் கையுமாகத்தான் திரிவார்கள்.

இவர் இறங்கிய விதமே வேறு. நல்ல உயரம், நரைத்த தாடி, தலையில் விளிம்பு சுருட்டிய கம்பளித் தொப்பி. கல்யாண வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி நிதானமாக இறங்கி, சுற்றிலும் மலையைப் பார்த்து, ஏதோ சொன்னார். ரோடு நன்றாக இருக்கிறது என்கிறார் என்று பெரியசாமி மொழிபெயர்த்தான். எங்கள் ரோட்டை ஒருவர் நன்றாக இருக்கிறது என்று சொல்லி நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த நிமிஷமே ஊருக்கு அவரைப் பிடித்துவிட்டது.

பெயர் நூர் கான். பின்னாலேயே இறங்கிய மனைவி ஜரீனா, கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். தலையை மூடிய சால்வைக்குள் முகம் சிறுத்துத் தெரிந்தது. படி எங்கே இருக்கிறது என்று காலால் துழாவித்தான் இறங்கினார்.

ராசாத்தியால் பொறுக்க முடியவில்லை. பையில பட்டாணி எவ்வளவு இருக்குதுன்னு கேளுங்க என்று புருஷனைக் குடைந்தாள். பெரியசாமி விழித்தான்.

"ஏனுங்க, பட்டாணிக்காரருன்னு நீங்கதான சொன்னீங்க?"

"பட்டாணின்னா அவிங்க சாதி சனம் புள்ள. பட்டாணியரு. பட்டாளத்துல அப்படித்தான் சொல்லுவோம். பட்டாணிக் கடலையா விக்கிறாங்க?"

ராசாத்தி முகத்தில் ஈயாடவில்லை. சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ முந்தானையால் வாயைப் பொத்தினார்கள், அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. விருந்தாளிகள் எதற்கென்று தெரியாமல் நின்றார்கள். பெரியசாமிக்கு இதை இந்தியில் சொல்ல வெட்கம். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவர்களை என் வீட்டுக்கு அழைத்து வந்தான்.

நடக்கும்போது அவர்கள் யார் என்று சொன்னான். வடக்கே, காஷ்மீரத்தின் எல்லை ஓரத்துப் பள்ளத்தாக்கில் அவர்கள் ஊர். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் மலை தாண்டி வந்து குடியேறிய பட்டாணியர்கள். வீட்டுக்குள் இன்னும் பஷ்தோதான் பேசுவார்கள். மக்காச்சோளமும் ஆடும் அக்ரூட் மரமும்தான் பிழைப்பு. பெரியசாமி அங்கே லாரி ஓட்டிய காலத்தில் ஒரு குளிர்காலம் பனி சரிந்து பாதை அடைந்துவிட்டது. பாதை திறக்கும் வரை நூர் கான் வீட்டில்தான் அவனுக்குச் சோளரொட்டியும் கணப்பும் கிடைத்திருக்கிறது. அந்தப் பழக்கம் போனில் விடாமல் தொடர்ந்திருக்கிறது. ஜரீனாவுக்குக் கண்ணில் ஆபரேஷன் செய்வதற்காகத் தெற்கே வந்தவர்கள், ஆபரேஷன் முடிந்ததும், பார்வை முழுசாகத் தெளிவதற்கு முன்பே, ஊருக்குத் திரும்பாமல் எங்கள் மலைக்கு ரயில் ஏறிவிட்டார்கள்.

பனியில் என் கொழுந்தனுக்குச் சோறு போட்டவர்கள் என்று தெரிந்ததும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு அதுவரை இப்படி ஓர் ஒரம்பரை வந்ததில்லை. இவர்களை மனம் குளிர வைத்து அனுப்புவது என்று அப்போதே தீர்மானித்தேன்.

தினைச்சோறு

கறி விஷயத்தில் அவர்கள் முறை வேறு என்று பெரியசாமி சொல்லியிருந்ததால் கறி பக்கமே போகவில்லை. தினைச்சோறு, அவரைக்கொட்டைக் குழம்பு, பலாப்பிஞ்சுப் பொரியல், கெட்டித் தயிர். வாழை இலையைப் பார்த்து நூர் கான் கொஞ்சம் தயங்கினார். பெரியசாமி சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே குழம்பை வழியாமல் பிசையக் கற்றுக்கொண்டார். குழம்பு ஓடும்போதெல்லாம் ராசாத்தி சோற்றால் அணை கட்டிக் காட்டினாள்.

ஜரீனா சோற்றைக் கையில் எடுத்தார், வாயில் போடவில்லை. மூக்கருகே வைத்து முகர்ந்தார். பிறகு ஒரு சொல் சொன்னார். அது இந்தி இல்லை, பெரியசாமிக்கும் தெரியாத சொல். கணவர் தலையை ஆட்டினார். அதன் பிறகு அந்த அம்மா தலை நிமிராமல் சாப்பிட்டார். இலையில் ஒரு பருக்கை மிஞ்சவில்லை. என் கையால் ஆக்கின சோற்றை இவ்வளவு மரியாதையோடு யாரும் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

சாப்பிட்டு முடித்ததும் நூர் கான் வந்த காரியத்தைச் சொன்னார். பெரியசாமி ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொன்னான்.

அவர்கள் ஊரில் மேல்வயல்கள் காட்டை ஒட்டி இருக்கின்றன. மக்காச்சோளம் அங்கே முற்றுவதற்குள் பனி விழுந்துவிடுகிறது. ஓடைத் தண்ணீர் தாமதமாக வருவதால் விதைப்பும் தள்ளிப்போய்விட்டது. பச்சைக் கதிரைப் பனி மூடினால் அது மாட்டுக்குத்தான் ஆகும். முன்பு அந்த வயல்களில் தினைதான் விளைந்ததாம். சீக்கிரம் கதிர் வாங்கும், பனிக்கு முன்னால் அறுத்துவிடலாம். ரேஷன் அரிசி வந்ததும் வீடு வீடாகத் தினையை விட்டுவிட்டார்கள். இப்போது தேடினால் ஊரில் ஒரு மணி விதை இல்லை. மேல்வயல்காரர்கள் இந்த வருஷமும் தரிசு போட்டால் அடுத்த வருஷம் வயலை விட்டுக் கூலிக்குப் போகவேண்டியதுதான். பெரியசாமி போனில் எங்கள் தினையைப் பற்றி அளந்ததைக் கேட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள்.

நான் பரணிலிருந்து செந்தினைப் பானையை இறக்கினேன். சாணி மெழுகை உடைத்ததும் வேப்பிலை வாசனை எழுந்தது. ஜரீனா கையை நீட்டினார். பானையை அவர் பக்கம் தள்ளினேன். ஒரு சிட்டிகை எடுத்து விரல் நுனிகளுக்கு நடுவில் உருட்டினார். பல்லில் வைத்துக் கடித்தார். பதர் எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று நான் பார்க்கிற மாதிரியே பார்த்தார். இவரும் பானைக்காரிதான் என்று அப்போதே தெரிந்துகொண்டேன்.

காசு, அவரை, தொப்பி

வள்ளத்தை எடுத்து நடுவில் வைத்தேன். பெரியசாமியின் முகம் வெளுத்தது. இந்தச் சட்டத்தை அவன் அவர்களுக்குச் சொல்ல மறந்திருந்தான். பட்டாளத்தில் அத்தனை வருஷம் இருந்தவனுக்கு வீட்டுச் சட்டம் மறந்துவிட்டது.

நூர் கான் பையைத் திறந்து பணத்தை எடுத்தார். நான் தலையை ஆட்டினேன். குறைவாக இருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, இன்னும் எடுத்தார். விற்பனைக்கு இல்லை, சொந்தக் காட்டில் விளைந்த வேறு விதையைத்தான் வள்ளத்தில் போட வேண்டும் என்று பெரியசாமி விளக்கினான். அப்படியென்றால் அவர்கள் வீட்டில் நான் சாப்பிட்டதற்குக் கைமாறு என்று சும்மா கொடுத்துவிடேன் அண்ணி என்று என்னிடம் மெதுவாகச் சொன்னான். அதையே இந்தியிலும் சொல்லியிருக்கிறான் போலிருக்கிறது. இந்த முறை தலையை ஆட்டியது நூர் கான். பனியில் வந்தவனுக்கு ரொட்டி கொடுத்ததற்குக் கூலி வாங்குகிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லை என்றாராம்.

இப்படி இரண்டு பேர். ஒருவர் சும்மா வாங்கமாட்டார், இன்னொருத்தி காசுக்குக் கொடுக்கமாட்டாள். நடுவில் பெரியசாமி.

ராசாத்திக்குக் குறுக்குப் புத்தி உண்டு. உள்ளே போய் ஒரு கைப்பிடி அவரைக்கொட்டை கொண்டுவந்து, யாரும் பார்க்காத மாதிரி நூர் கானின் கையில் திணித்தாள். வள்ளத்தில் போடுங்கள் என்று ஜாடை காட்டினாள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போட்டிருந்தால் பார்க்காத மாதிரியே இருந்திருப்பேன், சத்தியமாகச் சொல்கிறேன். அவர் அவரையை உற்றுப் பார்த்தார். இது என் வயலில் விளைந்தது இல்லையே என்று சொல்லி, அவள் முந்தானையிலேயே திரும்பக் கொட்டிவிட்டார்.

எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. சட்டத்தை என்னைவிடக் கெட்டியாகப் பிடிக்கிற ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கடைசியில் அவர் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார். இரண்டு கையாலும் ஏந்தி வள்ளத்துக்குள் வைத்தார். ஊரில் விளைந்ததை அனுப்பும் வரை இது இங்கே இருக்கட்டும் என்றார். தொப்பியில்லாத தலையில் முடி கொஞ்சமாக, வியர்வையில் ஒட்டிக்கிடந்தது. பெரியசாமி அதை மொழிபெயர்த்துவிட்டு எழுந்து நின்றுவிட்டான். அவர்களுக்கு அந்தத் தொப்பி எவ்வளவு பெரிய விஷயம் என்று அவனுக்குத் தெரியும்.

அவன் சொல்லாவிட்டாலும் எனக்கும் தெரியும். பெரிய மனிதர் ஒருவர் தலையில் இருப்பதை எடுத்துக் கீழே வைக்கிறார் என்றால் அதற்கு எந்த ஊரிலும் ஒரே அர்த்தம்தான். தொப்பியை எடுத்துத் தட்டி அவர் கையிலேயே கொடுத்தேன்.

"தலைல இருக்கறத வாங்கிக்கிட்டு வெத குடுத்தா எங்க மலைக்கு மரியாதை இல்லீங்க. போட்டுக்கங்க."

வள்ளம் மறுபடி காலியாக நடுவில் கிடந்தது. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அவர்களுக்கு மறுநாள் ரயில். வெறுங்கையோடு அனுப்பினால் அந்த ஊர் மேல்வயலெல்லாம் தரிசு. வெறும் வள்ளத்தில் அளந்தால், அடுத்த வாரமே அந்த வெள்ளைச் சட்டைக்காரர் காரில் வந்து நிற்பார், அவர்களுக்கு மட்டும் எப்படிக் கொடுத்தீர்கள் என்று கேட்பார்.

ஜரீனா பேசியது

அப்போது ஜரீனா பேச ஆரம்பித்தார். கணவரைப் பார்க்காமல், நான் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பிப் பேசினார். நூர் கான் அதைப் பெரியசாமிக்குச் சொல்லவில்லை. வேண்டாம் என்பது போலக் கையசைத்தார். அந்த அம்மா விடவில்லை. சொல்லித்தான் ஆகவேண்டும் என்று தரையைத் தட்டினார். கடைசியில் நூர் கான் தலைகுனிந்துகொண்டு இந்தியில் சொல்ல, பெரியசாமி எங்களுக்குச் சொன்னான்.

எல்லோரும் தினையை விட்ட பிறகும் ஒரே ஒரு வீட்டில் விதைப் பானை இருந்தது. அது ஜரீனாவின் வீடு. வருஷா வருஷம் கொல்லை ஓரத்தில் ஒரு பாத்தி போட்டு விதையை உயிரோடு வைத்திருந்தார். யாராவது ஒருநாள் கேட்டு வருவார்கள் என்று வைத்திருந்தார். கண்ணில் புரை விழுந்தது. ஒரு குளிர்காலம், ஜன்னலெல்லாம் அடைத்த வீட்டுக்குள், சமையல் பானை என்று நினைத்து விதைப் பானையில் கைவிட்டு அள்ளி அள்ளிச் சமைத்துவிட்டார். குளிர்காலம் முடிந்து, விதைக்கலாம் என்று பானையை எடுத்தபோதுதான் தெரிந்தது. அடுத்த வருஷமே மேல்வயல்காரர்கள் விதை கேட்டு வந்து நின்றார்கள்.

"ஊர்ல ஒருத்தரும் ஒரு வார்த்த திட்டலியாம் அண்ணி. அதுதான் தாங்க முடியலைன்னு சொல்றாங்க. கண்ணு தெரிஞ்சதும் மொதல்ல வெதையத்தான் பாக்கோணும்னு இங்க வந்தாங்களாம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. விதையை உலையில் போட்ட கையின் வலி எப்படி இருக்கும் என்று இன்னொரு பானைக்காரிக்குத் தெரியாதா? என் பரணில் சமையல் தினையும் விதைத் தினையும் ஒரே மாதிரிப் பானையில்தான் இருக்கின்றன.

ஜரீனா தரையைத் துழாவி வள்ளத்தைத் தேடினார். விளிம்பு கையில் பட்டதும் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். வளையலை மேலே தள்ளிவிட்டு, வலது கையை மணிக்கட்டு வரை வள்ளத்துக்குள் விட்டார். விரல்களை மடக்கி, அடியில் ஊன்றி வைத்துக்கொண்டார். என்ன சொல்கிறார் என்று யாரும் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை. விதையை அள்ளி உலையில் போட்ட அந்தக் கையையே அடகு வைத்தார்.

ராசாத்தி என்னைப் பார்த்தாள். ஊர்ப் பெண்கள் வாசலில் கூடி நின்று என்னைப் பார்த்தார்கள். நான் வள்ளத்தைப் பார்த்தேன்.

"இது வெறும் வள்ளம் இல்லீங்க. கை இருக்குது. அளக்கறேன்" என்றேன்.

அவர் கையை மெதுவாக எடுத்து ஓரமாக வைத்தேன். செந்தினையைத் தலை தட்டாமல், கோபுரமாக அளந்தேன். பிறகு, சட்டத்தில் இல்லாவிட்டாலும், என் கையால் இரண்டு பிடி அள்ளி மேலே போட்டேன். வாசலில் நின்ற ஒருத்திகூட வாயைத் திறக்கவில்லை. எங்கள் ஊர்ப் பெண்கள் வாயைத் திறக்காமல் இருந்தால் அது சம்மதம் என்று அர்த்தம்.

ஊரிலிருந்து எதை அனுப்புவது என்று நூர் கான் கேட்டார். பெரியசாமி அப்போதுதான் வெட்கத்தை விட்டு, ராசாத்தி பாத்தி போட்ட கதையைச் சொன்னான். அந்த மனிதர் சிரித்தார் பாருங்கள், தாடி குலுங்கிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எங்கள் பெயருக்கு உங்கள் பாஷையில் இப்படி ஒரு அர்த்தமா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவர்கள் வீட்டுக்குக் கீழே உள்ள வயலில் பட்டாணி போடுகிறார்களாம். போகிற வழியில் ராசாத்தியின் பாத்தியைப் பார்க்க வேண்டும் என்று அடம் பிடித்து, ஜரீனாவையும் கைப்பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினார். ஜரீனா குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தார். மண் நன்றாக இருக்கிறது, பட்டம்தான் தப்பு, குளிர் ஆரம்பிக்கும்போது போடச் சொல் என்றார்.

ஐப்பசி

அவர்கள் போன பிறகு அந்த வள்ளத்தை நாங்கள் தொடவில்லை. யாரும் பேசி முடிவெடுக்கவில்லை, அதுவாக அப்படி ஆகிவிட்டது. ஆடி விதைப்புக்கு ராசாத்தி வீட்டு வள்ளத்தை இரவல் வாங்கி அளந்தேன். பக்கத்து ஊர்க்காரி ஒருத்தி, இதோ இங்கேயே ஒன்று சும்மா இருக்கிறதே என்று எடுக்கப் போனாள். அதுல ஆள் கை இருக்குது, தொடாத என்று ராசாத்தி சத்தம் போட்டாள். வந்தவள் பயந்துவிட்டாள்.

பட்டாணி வராது என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அவ்வளவு தூரத்தில் இருப்பவர்களுக்கு நம் ஞாபகம் எங்கே இருக்கும் என்றார்கள். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவரையைத் திருப்பிக் கொட்டிய கையை நான் பார்த்திருக்கிறேன்.

ஐப்பசியில், மழை விட்ட ஒரு காலையில், பெரியசாமி செம்மேட்டிலிருந்து துணியில் தைத்த ஒரு பார்சலைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். நெஞ்சை நிமிர்த்தித்தான் நடந்து வந்தான். தையலைப் பிரித்தால் பட்டாணி. சந்தையில் பார்க்கிற குண்டுப் பட்டாணி இல்லை. சின்னதாக, சுருக்கம் விழுந்து, பச்சையும் சாம்பலும் கலந்த நிறம். ராசாத்தி ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டு, கல்லு மாதிரி இருக்குதுங்கக்கா, நல்லா முளைக்கும் என்றாள்.

வள்ளத்தையும் பார்சலையும் தூக்கிக்கொண்டு மூன்று பேரும் வழுக்குப் பாறைக்கு ஏறினோம். பெரியசாமி படம் தெரிகிற மாதிரி போன் போட்டான். முதலில் நூர் கானின் தொப்பி தெரிந்தது, அப்புறம் அவர். போனைத் திருப்பி மேல்வயலைக் காட்டினார். அறுத்த தினைத் தாள், கட்டுக் கட்டாக. அதற்குப் பின்னால் மலை உச்சியில் வெள்ளையாகப் பனி. பனிக்கு முன்னால் அறுத்துவிட்டார்கள். எங்கள் செந்தினை, எங்கள் பரணில் புகை குடித்துக் கிடந்த செந்தினை, அந்த ஊர்க் களத்தில் குவிந்து கிடந்தது. எனக்குக் கத்தவேண்டும் போல இருந்தது. பாறையில் என்னைத் தவிர இரண்டு பேர்தான் என்றாலும் கூச்சமாக இருந்தது, கத்தவில்லை.

அந்தத் தினைக்கு அங்கே என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் தெரியுமா என்று நூர் கான் கேட்டார். கொல்லி என்கிறார்களாம். இந்த வருஷம் கொல்லி போட்டாயா, உன் வீட்டில் கொல்லி எவ்வளவு என்றுதான் பேசிக்கொள்கிறார்களாம். அவர்கள் பெயரை நாங்கள் வயலில் தேடினோம். அவர்கள் எங்கள் மலையின் பெயரை அறுவடையே செய்துவிட்டார்கள்.

பிறகு ஜரீனா வந்தார். கறுப்புக் கண்ணாடி இல்லை. முகத்தைப் போனுக்கு ரொம்பப் பக்கத்தில் கொண்டுவந்து என்னைப் பார்த்தார். நான் எப்படி இருப்பேன் என்று அப்போதுதான் அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கும். நான் சேலையை இழுத்துச் சரிசெய்துகொண்டேன்.

வள்ளத்தில் பட்டாணியைக் கொட்டினேன். இரும்பில் சடசடவென்று விழுந்த சத்தம் அவருக்கும் கேட்டிருக்க வேண்டும், சிரித்தார். வள்ளத்தைப் போனுக்கு நேராகத் தூக்கிக் காட்டினேன்.

"கணக்கு முடிஞ்சுதுங்க. இனிக் கைய எடுத்துக்கச் சொல்லு சாமி" என்று பெரியசாமியிடம் சொன்னேன்.

அவன் இந்தியில் சொன்னான். நூர் கான் அவர்கள் மொழியில் சொன்னார். ஜரீனா கேட்டுவிட்டு, தலையை ஆட்டி ஏதோ பதில் சொன்னார். அது இரண்டு மொழி தாண்டி எங்களிடம் வந்து சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"எடுக்க மாட்டாங்களாம் அண்ணி. அது அங்கயே இருக்கட்டும்ங்கறாங்க."

பட்டாணி இப்போது ராசாத்தியின் பாத்தியில் கொடி வீசியிருக்கிறது. விதைக்கு அளக்க அவள் வீட்டு வள்ளத்தைத்தான் இன்னும் இரவல் வாங்குகிறேன்.